எரிசக்தி நாற்காலியில் யாரை உட்கார வைப்பது?

அமெரிக்க அதிபர் தேர்தலில் நிற்கும் ஒருவர் பிரசாரக் குழு அமைக்கும்போது நிரப்ப வேண்டிய நாற்காலிகளில் மிகவும் வில்லங்கமானது எரிசக்தி, சுற்றுச்சூழல் ஆலோசகருடையது. பெட்ரோல் விலை, மின்கட்டணம், புயல் நிவாரணம், பென்சில்வேனியாவின் எரிவாயுக் கிணறு, மிச்சிகனின் கார் தொழிற்சாலை எல்லாம் அந்த ஒரு மேசைக்குத்தான் வந்து சேரும். வெளியுறவு ஆலோசகர் வாய் தவறிச் சொன்ன ஒரு வாக்கியம் பத்திரிகைத் தலையங்கத்தோடு நின்றுவிடும். இவருடைய வாக்கியத்தை எதிரணி மின்கட்டண ரசீதோடு சேர்த்துத் தொலைக்காட்சி விளம்பரமாக்கிவிடும்.

2028-க்கான ஓட்டம் தொடங்குகிற வேளையில், யாரை அழைப்பது என்ற கேள்வி இரு கட்சி வேட்பாளர்களுக்கும் வரும். வழக்கமாக இதைக் கொள்கைக் கேள்வியாகவே பேசுவார்கள்: ஆள் தீவிரமானவரா, மிதவாதியா, பசுமைப் பக்கமா, எண்ணெய்ப் பக்கமா என்று. கடந்த கால் நூற்றாண்டுத் தேர்தல்களைப் பார்த்தால் எனக்கு வேறொன்று முக்கியமாகப் படுகிறது. தச்சரைக் கூப்பிட்டால் மரத்தில் செய்வார், கொத்தனாரைக் கூப்பிட்டால் செங்கல்லில் கட்டுவார். பொருளாதாரம் படித்தவர் கார்பனுக்கு விலை வைப்பார். முன்னாள் அதிகாரி ஒழுங்குமுறை விதி எழுதுவார். இயக்கத்திலிருந்து வருபவர் அரசுப் பணத்தை முதலீடாகக் கேட்பார். தொழிலதிபர் இருக்கிற தடைகளை எடுக்கச் சொல்வார். ஆளைத் தேர்ந்தெடுத்த அன்றே கருவியையும் தேர்ந்தெடுத்துவிடுகிறார் வேட்பாளர், பெரும்பாலும் தெரியாமலே.

நாற்காலியை ஒப்புக்கு நிரப்பிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2000-ஐப் பார்க்கலாம். அந்த ஆண்டு செப்டம்பர் 29 அன்று மிச்சிகன் மாநிலம் சாகினாவில் பேசிய ஜார்ஜ் புஷ், மின்நிலையங்கள் வெளியிடும் நான்கு மாசுகளைக் கட்டாயமாகக் குறைக்கச் செய்வேன் என்றார். கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு, பாதரசம், கூடவே கார்பன் டை ஆக்சைடு. எதிரே நின்ற அல் கோரே சுற்றுச்சூழலைத் தன் சொந்தத் துறையாக வைத்திருந்தவர். அவரை விஞ்சுகிற மாதிரியான வரி அது. புஷ் ஜெயித்தார். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவரான கிறிஸ்டின் டாட் விட்மன் அந்த வரியை நம்பி, 2001 மார்ச் தொடக்கத்தில் இத்தாலியின் த்ரியெஸ்தே நகரில் ஜி-8 அமைச்சர்களிடம் உறுதியும் கொடுத்தார். மார்ச் 13 அன்று செனட்டர்களுக்கு எழுதிய கடிதத்தில் கார்பன் டை ஆக்சைடை அந்தப் பட்டியலிலிருந்து புஷ் எடுத்துவிட்டார். கலிபோர்னியாவின் மின்தட்டுப்பாடு ஒரு காரணம். ஆனால் பிரசாரத்தில் அந்த வரியைப் போட்டவர்கள் யாரும் வெள்ளை மாளிகைக்குள் அதைக் காப்பாற்றும் பலத்தோடு இல்லை என்பதும் காரணம். அங்கே எரிசக்திக் கொள்கையை எழுதிக்கொண்டிருந்தது துணை அதிபர் டிக் செனியின் குழு. பதவிக்கு வந்த இரண்டே மாதத்தில் வாக்குறுதி போயிற்று.

ஆகவே நாற்காலியில் நிஜமாகவே ஒருவர் வேண்டும். யார் என்பதுதான் பேச்சு.

இரண்டு பக்கத்துக்கும் ஏற்றவர்

2008-ல் பராக் ஒபாமாவின் முதன்மை எரிசக்தி ஆலோசகர் ஜேசன் குருமெட். அதற்கு முன் எரிசக்திக் கொள்கைக்கான தேசிய ஆணையம் என்ற, இரு கட்சியினரும் இருந்த அமைப்பின் செயல் இயக்குநர். ஹார்வர்டு பேராசிரியர் ஜான் ஹோல்ட்ரன், எக்ஸலான் மின்நிறுவனத்தின் ஜான் ரோ, தந்தை புஷ் அதிபராக இருந்தபோது சுற்றுச்சூழல் முகமையை நடத்திய வில்லியம் ரெய்லி ஆகியோர் அதன் இணைத் தலைவர்கள். ஒரே மேசையில் உட்காரமாட்டார்கள் என்று நினைக்கிற ஆட்களை உட்கார வைத்து 2004 டிசம்பரில் ஓர் அறிக்கை வாங்கியவர் குருமெட். கார்பன் உமிழ்வுக்கு உச்சவரம்பு வைத்து, உமிழும் உரிமையைச் சந்தையில் வாங்கி விற்கவிடும் முறை அதில் இருந்தது. விலை ஒரு மட்டத்துக்கு மேல் போகாமலிருக்கப் பாதுகாப்பு வால்வும் வைத்திருந்தார்கள்.

எதிரணியில் ஜான் மெக்கெயினுக்கு ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர் ஜேம்ஸ் வுல்சி, சி.ஐ.ஏ.வின் முன்னாள் இயக்குநர். பெட்ரோல் குறைவாகக் குடிக்கும் அவருடைய பிரியஸ் ஹைபிரிட் காரில் ‘பின் லாடனுக்கு இந்தக் கார் பிடிக்காது’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். எண்ணெய் இறக்குமதியைக் குறைப்பது அவருக்குத் தேசப் பாதுகாப்புப் பிரச்சினை. பனிப்பாறை உருகுவது இரண்டாம்பட்சம். பாதுகாப்புத் துறையிலிருந்து ஆளைக் கொண்டுவருவதில் ஒரு தந்திரம் உண்டு, குடியரசுக் கட்சிக் கூட்டத்தில் காலநிலை என்ற சொல்லையே உச்சரிக்காமல் மின்சாரக் காருக்குக் கைதட்டல் வாங்கிவிடலாம். மெக்கெயினும் வெறும் பேச்சுக்காரர் அல்ல. ஜோ லீபர்மனோடு சேர்ந்து உச்சவரம்பு மசோதாவை 2003-லேயே செனட்டில் ஓட்டுக்குக் கொண்டுவந்து 43-க்கு 55 என்று தோற்றவர். 2008 மே 12 அன்று போர்ட்லாந்தில் வெஸ்டாஸ் காற்றாலை நிறுவனத்தின் வளாகத்தில் பேசியபோது, 2050-க்குள் உமிழ்வை 1990 அளவிலிருந்து 60 சதவீதம் குறைப்பதாகச் சொன்னார். ஒபாமா சொன்ன அளவு 80 சதவீதம். இன்றைய அமெரிக்காவில் நம்பக் கஷ்டமாக இருக்கும்: இரண்டு பெரிய கட்சி வேட்பாளர்களும் ஒரே கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அளவில் மட்டும் வேறுபட்டார்கள்.

அந்தக் கருவி பிரசாரத்தையே தாங்கவில்லை. பெட்ரோல் காலன் 4 டாலரைத் தாண்டியது. ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலருக்குப் போனது. மெக்கெயின் கோடைக்கு மட்டும் 18.4 சென்ட் மத்திய பெட்ரோல் வரியை நிறுத்திவைக்கலாம் என்றார், ஹில்லாரி கிளின்டனும் அதை ஆதரித்தார். ஒபாமா அது வெறும் தேர்தல் வித்தை என்று மறுத்தார். அவருடைய ஆலோசகர்களுக்கு நான் தருகிற பெரிய மதிப்பெண் இதற்குத்தான், ஏனென்றால் இந்த மாதிரி இனாமை வேண்டாமென்று வேட்பாளரைச் சொல்லவைப்பது சுலபமில்லை. ஆனால் ஆகஸ்டுக்குள் அவரும் கடலோர எண்ணெய்த் துரப்பணத்தைக் கொஞ்சம் ஏற்றுக்கொள்ளத் தயார் என்று இறங்கிவந்தார். செப்டம்பரில் குடியரசுக் கட்சி மாநாட்டில் ‘துளையிடு, துளையிடு’ என்று மைக்கேல் ஸ்டீல் தொடங்கிவைத்த கோஷத்தை மண்டபமே பிடித்துக்கொண்டது. வுல்சியின் பிரியஸ் கார் எங்கோ பின்னால் போய்விட்டது.

இதைவிடப் பெரிய காயம் வேறு. உச்சவரம்பு வந்தால் மின்கட்டணம் எகிறத்தான் செய்யும் என்று 2008 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோ கிரானிக்கிள் ஆசிரியர் குழுவிடம் ஒபாமாவே சொல்லியிருந்தார். பொருளாதாரப் பாடப்புத்தகத்தின்படி அது உண்மை. விலை ஏறினால்தானே பழக்கம் மாறும். அந்த ஒரு வாக்கியம் அவரைப் பல வருடம் துரத்தியது. 2009 ஜூன் 26 அன்று, உச்சவரம்பைச் சட்டமாக்கும் வாக்ஸ்மன்–மார்க்கி மசோதா பிரதிநிதிகள் சபையில் 219-க்கு 212 என்று தப்பிப் பிழைத்தது. செனட்டில் ஓட்டுக்கே வரவில்லை. 2010 ஜூலையில் கைவிட்டார்கள். நிபுணர்கள் அத்தனை பேரும் ஒத்துக்கொண்ட கருவி, 100 பேர் கொண்ட செனட்டில் மசோதாவை ஓட்டுக்கு விடத் தேவையான 60 பேரைச் சம்மதிக்கவைக்க முடியாத கருவியாக இருந்தது. குருமெட் போன்றவர்களின் பலம் அறைக்குள் உடன்பாடு உண்டாக்குவது. அறைக்கு வெளியே, ஒஹையோவில் மின்ரசீது கட்டுகிற குடும்பத்துக்கு அந்த உடன்பாட்டில் பங்கில்லை.

அந்தத் தோல்விக்குப் பிறகு ஒபாமா அரசு கையில் எடுத்தது விதி. மின்நிலையங்களின் கார்பன் உமிழ்வைக் குறைக்கும் தூய மின்சாரத் திட்டம் 2015 ஆகஸ்டில் இறுதியானது, 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது, 2022-ல் அந்த அணுகுமுறையே முகமையின் அதிகாரத்தில் இல்லையென்று தீர்ப்பு வந்தது. விதி எழுதுகிற வழக்கறிஞரை முதல் நாற்காலியில் வைக்க நினைக்கிறவர்கள் அந்தத் தீர்ப்பை முதலில் படிக்க வேண்டும்.

பேராசிரியர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெர்க்லியின் டேனியல் கேமன் போன்றவர்கள் 2008-ல் ஒபாமாவுக்கு ஆலோசனை சொன்னார்கள். கணக்கைச் சரிபார்க்க அவர்கள் அவசியம் வேண்டும். நாற்காலியைக் கொடுத்தால், நிருபர் கேட்கிற ஒரு வரிக் கேள்விக்கு நான்கு நிபந்தனைகளோடு பதில் சொல்வார்கள்.

தொழிலதிபர்

2016-ல் டொனால்ட் டிரம்ப் எடுத்த வழி எல்லாவற்றையும்விட நேரடியானது. கான்டினென்டல் ரிசோர்சஸ் நிறுவனத்தை உருவாக்கி, வடக்கு டகோட்டாவின் பாக்கென் எண்ணெய்ப் படுகையில் பெரும் பணம் பார்த்த ஹெரால்ட் ஹாம் ஒரு காதில். அதே மாநிலத்தின் காங்கிரஸ் உறுப்பினர் கெவின் கிரேமர் மறு காதில். மே 26 அன்று பிஸ்மார்க் நகரில் டிரம்ப் எரிசக்தி உரை நிகழ்த்தினார். காலநிலைக்கான பாரிஸ் ஒப்பந்தத்தை ரத்து செய்வேன், கனடாவிலிருந்து எண்ணெய் கொண்டுவரும் கீஸ்டோன் எக்ஸ்எல் குழாய்க்கு அனுமதி கொடுப்பேன், ஒபாமாவின் விதிகளை எடுப்பேன் என்றார். 2017 ஜூன் 1 அன்று பாரிஸிலிருந்து விலகல் அறிவிப்பு வந்தது. கீஸ்டோனுக்கு அதற்கு முன்பே அனுமதி. சொன்னதற்கும் செய்ததற்கும் உள்ள தூரத்தை மட்டும் அளந்தால், இந்தப் பட்டியலில் ஹாம்தான் வெற்றிகரமான ஆலோசகர். பிடிக்கிறதோ இல்லையோ, ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏன் அவ்வளவு சுலபமாக நடந்தது? அவர் கேட்டவற்றில் முக்கால்வாசி அதிபரின் கையெழுத்தோடு முடிகிற காரியம். செனட்டில் ஒருவரையும் கெஞ்ச வேண்டாம். அதே காரணத்தால் அது நிற்கவும் இல்லை. 2021 ஜனவரி 20 அன்று பைடன் ஒரே நாளில் பாரிஸில் மறுபடி சேரக் கையெழுத்திட்டார், கீஸ்டோன் அனுமதியையும் ரத்து செய்தார்; சில மாதத்தில் நிறுவனமே திட்டத்தைக் கைவிட்டது. 2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் திரும்பவும் பாரிஸிலிருந்து வெளியேறக் கையெழுத்திட்டார். இப்படி நாலு வருடத்துக்கு ஒரு முறை புரளும் கொள்கையை நம்பி 30 வருடம் ஓட வேண்டிய குழாயில் யார் பணம் போடுவார்கள்? எண்ணெய்க்காரர்களுக்கே இதில் லாபம் குறைவு.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. டிரம்ப் மேற்கு வர்ஜீனியாவில் போய் நிலக்கரித் தொழிலாளருக்கு வாக்குக் கொடுத்தார். அவருடைய முதல் ஆட்சியில் நிலக்கரி மின்நிலையங்கள் மூடப்படுவது தொடர்ந்தது. மூடவைத்ததில் பெரும் பங்கு மலிவான ஷேல் எரிவாயுவுக்கு. அதை ஃபிராக்கிங் மூலம், அதாவது நிலத்தடிப் பாறையை நீரழுத்தத்தால் பிளந்து, எடுத்துக் குவித்த தொழிலின் தலைமகன்தான் ஆலோசகர் நாற்காலியில் இருந்தார். தொழிலதிபர் ‘தொழில்துறை’ முழுவதற்கும் பேசுவார் என்று வேட்பாளர் நினைக்கலாம். அவர் பேசுவது தன் தொழிலுக்கு. இரண்டாம் ஆட்சியில் எரிசக்தித் துறைச் செயலாளரான கிறிஸ் ரைட்டும் ஃபிராக்கிங் சேவை நிறுவனம் நடத்தியவர், ஹாமின் ஆதரவு பெற்றவர்.

கையெழுத்தே போதும் என்ற நிலை எவ்வளவு ஆபத்து என்பதற்கு அமெரிக்காவை விட்டு ஒரு கணம் வெளியே போகலாம், நமக்கு நெருக்கமான இடம்தான். இலங்கையில் 2019 ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்சவின் பிரசாரத்துக்கு வியத்மக என்ற தொழில்வல்லுநர் அமைப்பு பின்பலமாக நின்றது. அவருடைய தேர்தல் விஞ்ஞாபனம் விவசாயத்தைப் பத்து ஆண்டுகளில் இயற்கை உரத்துக்கு மாற்றுவதாகச் சொன்னது. 2021 ஏப்ரலில் அறிவிப்பு, மே மாதம் வர்த்தமானி, இரசாயன உர இறக்குமதிக்குத் தடை. பத்து ஆண்டுத் திட்டம் ஒரு போகத்துக்குள் நடக்க வேண்டியதாயிற்று. கிளிநொச்சியிலும் அனுராதபுரத்திலும் நெல் விதைத்தவர்கள் பட்ட பாடு தெரிந்ததே. நவம்பரில் அரசு பின்வாங்கியது. டொலர் தட்டுப்பாடும் இதில் சேர்ந்திருந்தது என்பது வேறு விஷயம். காகிதத்தில் இருந்த பத்து ஆண்டைக் காவல் காக்க ஆலோசனை அறையில் ஒருவரும் இருக்கவில்லை, அல்லது இருந்தும் பேச்சு எடுபடவில்லை. நாடாளுமன்றத்தைத் தாண்ட வேண்டிய கட்டாயம் இருந்திருந்தால், அந்தத் தாமதமாவது விவசாயிக்குக் கிடைத்திருக்கும்.

அனுபவசாலியும் இயக்கமும்

2020 பைடன் பிரசாரம் எனக்கு எல்லாவற்றிலும் பாடம் அதிகம் தருகிறது, முக்கியமாக அது மோசமாகத் தொடங்கியதால். 2019 மே 10 அன்று ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி போட்டது: பைடன் காலநிலையில் ‘நடுவழி’ தேடுகிறார், ஆலோசகர் ஹெதர் ஸைக்கல். ஸைக்கலின் அனுபவத்தில் குறை சொல்ல முடியாது. ஜான் கெர்ரியிடம் வேலை பார்த்தவர், 2008-ல் ஒபாமா பிரசாரத்தில் இருந்தவர், பிறகு வெள்ளை மாளிகையில் காலநிலைக் கொள்கையை நடத்தியவர். ஆனால் அங்கிருந்து வெளியேறியபின், திரவ எரிவாயு ஏற்றுமதி செய்யும் செனியர் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் உட்கார்ந்தவர். மூன்றே நாளில், வாஷிங்டனில் சன்ரைஸ் என்ற இளைஞர் காலநிலை இயக்கம் கூட்டிய கூட்டத்தில், பைடன் கட்சியின் இடதுசாரிக் காங்கிரஸ் உறுப்பினர் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்ட்டெஸ் நடுவழிக்காரர்களை வறுத்தெடுத்தார். ஜூன் 4 அன்று பைடன் வெளியிட்ட திட்டம் செய்தியில் வந்ததைவிட நன்றாகவே இருந்தது: 1.7 டிரில்லியன் டாலர், 2050-க்குள் நிகர பூஜ்ஜிய உமிழ்வு. இருந்தும் சன்ரைஸ் அவருக்குத் தோல்வி மதிப்பெண்தான் போட்டது.

உட்கட்சித் தேர்தல் முடிந்தபின் பைடன் செய்ததுதான் சுவாரசியம். தன் ஆலோசகர்களைக் கலைக்கவில்லை. 2020 மே மாதம், உட்கட்சிப் போட்டியில் எதிரே நின்ற பெர்னி சாண்டர்ஸோடு சேர்ந்து பணிக்குழுக்கள் அமைத்தார். காலநிலைக் குழுவுக்கு இணைத் தலைவர்கள் ஜான் கெர்ரியும் ஒகாசியோ-கோர்ட்டெஸும். தனக்குத் தோல்வி மதிப்பெண் போட்ட சன்ரைஸின் வர்ஷினி பிரகாஷ் ஒரு பக்கம். ஒபாமா காலத்தில் சுற்றுச்சூழல் முகமையை நடத்திய ஜீனா மெக்கார்த்தி மறுபக்கம். பென்சில்வேனியாவின் எரிவாயுப் பகுதியிலிருந்து வந்த கானர் லேம்ப் அதே மேசையில். ஜூலையில் பரிந்துரை வந்தது: 2035-க்குள் மின்நிலையங்களில் கார்பன் உமிழ்வு இருக்கக் கூடாது. இது ஏற்கெனவே போட்டியிலிருந்து விலகியிருந்த வாஷிங்டன் மாநில ஆளுநர் ஜே இன்ஸ்லீயின் திட்டத்தில் இருந்த இலக்கு. தோற்ற வேட்பாளரின் ஆட்கள் எழுதிவைத்ததை ஜெயித்தவர் எடுத்துக்கொள்வது கௌரவக் குறைச்சல் என்று நினைக்காதது பைடனின் நல்ல குணம். ஜூலை 14 அன்று அறிவித்த திட்டம் நான்கு ஆண்டில் 2 டிரில்லியன் டாலர். ஃபிராக்கிங் தடை அதில் இல்லை. பென்சில்வேனியா இல்லாமல் ஜெயிக்க முடியாது என்று மேசையில் எல்லோருக்கும் தெரியும்.

கருவி மாறியிருந்ததைக் கவனிக்க வேண்டும். 2008-ல் பேச்சு கார்பன் விலை. 2020-ல் பேச்சு வேலைவாய்ப்பு, தொழிற்சங்கக் கூலி, முதலீடு. இயக்கத்துக்காரர்களும் தொழிற்சங்கங்களும் மேசையில் இருந்ததால் வந்த மாற்றம் இது. விலை ஏற்றுகிற திட்டம் செலவை வாக்காளர் தலையில் முதலில் வைக்கும், பலனைப் பின்னால் தரும். முதலீடு பலனை முதலில் தரும். செனட்டிலும் இது வேறு வழியாகப் போனது. பட்ஜெட் மசோதாவுக்கான தனி நடைமுறையில் 60 ஓட்டு வேண்டாம், பாதி போதும், சமமானால் துணை அதிபரின் ஓட்டு தீர்த்துவைக்கும். ஆனால் மேற்கு வர்ஜீனியாவின் ஜோ மேன்சின் சம்மதிக்க வேண்டியிருந்தது. தூய மின்சாரத்துக்கு மாறாத மின்நிறுவனங்களுக்கு அபராதம் விதிக்கும் பகுதியை அவர் 2021-லேயே எடுக்கவைத்தார். மிஞ்சியது வரிச்சலுகைகள். 2022 ஆகஸ்டில் 51-க்கு 50 என்று நிறைவேறிய சட்டத்தில் எரிசக்திக்கும் காலநிலைக்கும் ஏறக்குறைய 369 பில்லியன் டாலர். 2020 மேசையிலிருந்து தண்டனை விழுந்துவிட்டது, பணம் பிழைத்தது.

அது நிரந்தரம் என்று நானும் சொல்லமாட்டேன். 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் அந்தச் சலுகைகளில் பலவற்றை வெட்டியது. அதுவும் செனட்டில் அதே தனி நடைமுறையில், அதே 51-க்கு 50. மின்சாரக் கார் சலுகை செப்டம்பர் 30-ஓடு போனது. ஆனால் வெட்டுவதற்கும் டிரம்ப் கட்சிக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது, தன் தொகுதியில் பேட்டரி ஆலை வந்திருந்த குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் சிலரைச் சமாளிக்க வேண்டியும் இருந்தது. பாரிஸிலிருந்து வெளியேற ஒரு பேனா போதுமாயிருந்தது.

யாருக்கு எவர்?

தடைகளை எடுப்பது மட்டுமே நோக்கமாக உள்ள வேட்பாளருக்குத் தொழிலதிபர் போதும். வேகம் கிடைக்கும், நன்கொடையும் கிடைக்கும். நாலு வருடத்துக்கு மேல் எதுவும் நிற்காது என்ற தெளிவோடு செய்யட்டும். தொழிலதிபரையே வைத்தாலும் அவர் எந்த எரிபொருளில் பணம் போட்டிருக்கிறார் என்று பார்த்து, போட்டியான எரிபொருளிலிருந்து இன்னொருவரையும் அறைக்குள் வைப்பது புத்திசாலித்தனம்.

எதையாவது கட்ட நினைக்கிற வேட்பாளருக்கு என் தேர்வு, காங்கிரஸ் குழுக்களில் மசோதா எழுதிப் பழகிய உதவியாளர் ஒருவர் நாற்காலியில். இயக்கத்துக்காரர், தொழிற்சங்கக்காரர், எரிவாயு மாவட்ட உறுப்பினர் மூவரும் மேசையில். இயக்கத்துக்காரரிடம் நாற்காலியையே கொடுப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அவருடைய சக்தி வெளியே நின்று மதிப்பெண் போடுவதில் இருக்கிறது. வர்ஷினி பிரகாஷ் முழுநேர பைடன் ஊழியராகியிருந்தால், அந்தத் தோல்வி மதிப்பெண்ணுக்கு இருந்த அழுத்தம் போயிருக்கும். குருமெட் மாதிரி ஆட்களை ஜெயித்த பிறகு, பேரம் தொடங்கும்போது கூப்பிடலாம்.

நேர்காணலில் கேட்பதற்கு ஒரு கேள்வி போதும் என்று நினைக்கிறேன்: செனட்டில் நம் பக்கம் 50 பேர் இருந்தால் உங்கள் திட்டத்தில் எது நடக்கும், 47 பேர் இருந்தால் எது நடக்கும்? இரண்டுக்கும் ஒரே பதில் சொல்பவர் வேண்டாம். கடைசிப் பத்து ஆண்டில் எந்தெந்த நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் உட்கார்ந்து எவ்வளவு வாங்கினார் என்ற விவரத்தை, நியமனத்தை அறிவிக்கிற அதே நாளில் பிரசாரக் குழுவே வெளியிட்டுவிட வேண்டும். நிருபர் தேடி எடுத்துப் போட்ட பிறகு விளக்கம் கொடுக்க 2019 மே மாதம் பைடன் குழுவுக்கு மூன்று நாள்தான் கிடைத்தது.